கச்சேரியில் அம்மா என்னை விற்ற கதை

தங்கள் பெயர் தங்களுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்பவர்களை நான் இலகுவில் நம்புவதில்லை. பிடிக்காத பெயர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் பிறப்புச் சான்றிதழில் நான் குப்பம்மா.

எனக்கு முன் பிறந்த இரண்டு குழந்தைகளும் நாற்பது நாளைக் காணவில்லை. ஆகவே நான் பிறந்ததும் அம்மா என்னைச் சுளகில் வைத்து வளவின் குப்பை மேட்டில் கிடத்தினாராம். பக்கத்து வீட்டு மாமி வந்து, ஒரு கொத்துத் தவிடு கொடுத்து என்னை 'வாங்கி', குப்பம்மா என்று பெயரும் வைத்து, "வளர்த்துத் தா" என்று அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தார். குப்பையில் கிடந்ததை, அதுவும் அடுத்தவளின் பிள்ளையை, எமன் தேடி வரமாட்டான் என்று நம்பிக்கை. (வரவில்லைதானே!)

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா துணிந்து நளினி என்று பெயர் கொடுத்துவிட்டார். அன்று யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. எங்கள் ஊர் உப்புவெளி முழுக்க என்னை நளினி என்றே கூப்பிட்டது. அம்மா மட்டும் அந்தப் பெயரை ஒருநாளும் வாயில் எடுத்ததில்லை. அவருக்கு நான் எப்போதும் "பிள்ளை"தான்.

எழுபதுகளில் துறைமுகப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் எனக்குத் தொலைபேசி இணைப்பாளர் வேலை கிடைத்தது. எங்கள் ஒழுங்கை வீடுகளிலிருந்து உத்தியோகம் பார்க்கப் போகும் முதல் பெண் நான். அப்பா அன்று கடலுக்குப் போகாமல் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தார். நான் கண்ணாடிக்கு முன்னால் நின்று பல விதமாக "ஹலோ" சொல்லிப் பழகினேன். பிறகு சான்றிதழ்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரிய கிளாக்கர் அவற்றைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தங்கச்சி, வேலை நளினிக்கு. இது குப்பம்மாவின்ட சேட்டிபிக்கற். நீங்கள் ஆர்?"

"ரெண்டும் நான்தான், சேர்."

"அதை நீங்கள் சொல்லிக் காணாது, கச்சேரி சொல்லோணும். மாசம் முடிய முதல் பேரை மாத்திக்கொண்டு வாங்கோ. இல்லாட்டி அடுத்த ஆளைக் கூப்பிடுறதைத் தவிர வேற வழியில்லை."

(கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி அல்ல. மாவட்டத்து அரசாங்க அலுவலகத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.)

பெயர் மாற்றும் முறை கேட்பதற்கு இலகுவாகத்தான் இருந்தது. சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் அதனோடு சேர்த்துக் கச்சேரியில் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அவர் விசாரித்துத் திருப்திப்பட்டால் பதிவைத் திருத்துவார். நான் ஓடியோடி எல்லாவற்றையும் முடித்தேன். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை விசாரணை. "அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. ரெண்டு பேரும் ஒராள்தான் எண்டு பெத்தவ தன்ட வாயால சொல்லோணும்" என்றார் பதிவாளர்.

"ஏலாது" என்றார் அம்மா.

"ஏனம்மா?"

"எமனும் பதிவு பாத்துத்தான் வாறவன். கச்சேரியில மாத்தினா அங்கயும் மாறும்."

நான் அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன். அப்பா கெஞ்சினார். அம்மா அசையவில்லை. பிறகு வியாழக்கிழமை, மீன் வெட்டிக்கொண்டே, "சரி, வாறன்" என்றார். அம்மா அவ்வளவு இலேசில் இறங்கி வருபவர் அல்லர். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கோ சந்தோஷத்தில் பசிதான் வந்தது.

பஸ்ஸில் அம்மாவின் மடியில், புல்லில் பின்னிய ஒரு பன்பை இருந்தது. என்னவென்று கேட்டேன். "பேசாம வா" என்றார். கச்சேரி வாசலில் போட்டிருந்த நீள வாங்கில் எங்களுக்குப் பக்கத்தில் இருந்தவர், "இவர் பொல்லாத மனுசன். போன கிழமை வாழைக்குலையோட வந்த ஒராளைப் படியால துரத்தினவர்" என்றார். அம்மா பன்பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உள்ளே என்ன என்று மறுபடி கேட்பதற்குள் பியோன் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்.

பதிவாளர் எண்ணெய் வைத்து அழுத்தி வாரிய தலையோடு, தடித்த கண்ணாடிக்குள்ளால் பார்த்தார். தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றது.

"இவ உங்கட மகளோ?"

"ஓம் ஐயா."

"பேர்?"

அம்மா கூரையைப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்கிறன் அம்மா. இவவின்ட பேர் என்ன?"

"பிள்ளை."

"குப்பம்மாவோ, நளினியோ?"

அம்மா மறுபடியும் கூரையைப் பார்த்தார். நான் மேசைக்குக் கீழே அம்மாவின் காலை மிதித்தேன். பதிவாளர் முகத்தைச் சுளித்தார். (கால் மாறிவிட்டது.)

"பெத்த தாயே சொல்லாட்டி நான் எப்பிடி எழுதுறது?" என்று அவர் பேனையை மூடினார். அந்த மூடி 'டக்' என்றது இன்னும் காதில் கேட்கிறது. என் கதிரையில் வேறு யாரோ இருந்து "ஹலோ" சொல்வது கண்ணுக்குள் தெரிந்தது.

அப்போதுதான் அம்மா மேசைக்குக் கீழால் பன்பையை அவர் முழங்காலில் வைத்தார்.

"ஐயா, இதைப் பிடியுங்கோ. ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்."

பதிவாளரின் முகம் சிவந்தது. "என்ன இது? லஞ்சமோ?"

"உங்களுக்கு இல்லை ஐயா. நீங்கள் பிறகு எனக்குத் திருப்பித் தரோணும்."

இதைவிட மோசமாக யாராலும் விளக்கம் சொல்ல முடியாது. அவர் எழுந்தே விட்டார். "பியோன்! இஞ்ச வா! நீ சாட்சி. இப்பவே பொலிசுக்கு அறிவிக்கிறன்!" என்று கத்தியபடி, பன்பையைத் தூக்கி மேசையில் தலைகீழாகக் கொட்டினார்.

தவிடு!

மின்விசிறி மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. அறை முழுக்க மண்நிறப் புகைமூட்டம். மை போத்தலுக்குள் தவிடு, கோப்புகளில் தவிடு, பதிவாளரின் எண்ணெய்த் தலையில் பட்டது பட்ட இடத்திலேயே ஒட்டிக்கொண்டது. பியோன் தும்மினார். இனி எனக்கு எந்தப் பெயரும் தேவையில்லை, மறியற்சாலையில் ஒரு கைதி இலக்கம் தருவார்கள் என்று நினைத்தேன்.

"லஞ்சம் இல்லை ஐயா!" அம்மா அழத் தொடங்கிவிட்டார். "இவளைப் பிறந்த உடன தவிட்டுக்கு வித்தனான். வாங்கின மனுசி வைச்ச பேர்தான் குப்பம்மா. அவவும் இப்ப இல்லை. புதுப் பேர் வைக்கிற ஆள் திரும்ப வாங்கோணும் ஐயா. நீங்கள்தானே வைக்கப்போறீங்கள்? தவிட்டுக்கு எங்க போவீங்கள் எண்டு நானே கொண்டந்தனான். இவளுக்கு முன்னம் ரெண்டைக் குடுத்திட்டன். இவளையும் குடுக்க ஏலாது."

அந்த இரண்டு பேரைப் பற்றி அம்மா வாய் திறந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தவிட்டுக் கதையே எனக்கு அப்பா சொல்லித்தான் தெரியும். அதைச் சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன்.

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பியோனை வெளியே போகச் சொன்னார், கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு கோப்பின் மேல் கிடந்த தவிட்டைக் கையால் கூட்டி அள்ளி, "கையை நீட்டுங்கோ அம்மா" என்றார். அம்மா நீட்டினார்.

"இந்தாங்கோ. நான் வாங்கிட்டன். இனி இவ என்ட பிள்ளை, பேர் நளினி. வளர்க்கத் தாறன், கூட்டிக்கொண்டு போங்கோ. இப்ப சொல்லுங்கோ, என்ன பேர்?"

"நளினி" என்றார் அம்மா, தனக்கே கேட்காத குரலில். சொல்லிவிட்டு உடனே மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். அது விழவில்லை. "ஓம் ஐயா. நளினியும் குப்பம்மாவும் ஒராள்தான்" என்று இப்போது வெளியே நின்ற பியோனுக்கும் கேட்கும்படி சொன்னார்.

பதிவாளர் மைக்குள் மிதந்த தவிட்டை ஒதுக்கிவிட்டுக் கையெழுத்து வைத்தார். "வெளியில சொல்லிப்போடாதேங்கோ" என்றார். "நாளைக்கு எல்லாரும் தவிட்டோட வந்து நிப்பினம்."

திங்கட்கிழமை நான் வேலையில் சேர்ந்தேன். முதல் அழைப்புக்கே "ஹலோ, குப்பம்மா" என்று சொன்னது தனிக் கதை.

சில வருடங்கள் கழித்து எனக்குக் கலியாணம். "வாங்கினவருக்குச் சொல்லாம எப்பிடி?" என்று அம்மாவே கச்சேரிக்குப் போய் வெற்றிலை வைத்துவிட்டு வந்தார். பதிவாளரும் மனைவியோடு வந்து முன் வரிசையில் இருந்தார். மணவறையில் குருக்கள், "பொம்பிளையின்ட தகப்பனார் வாங்கோ" என்றார். முன் வரிசையில் அவர் பாதி எழும்பிவிட்டார். பக்கத்தில் நின்ற அப்பா அவர் தோளில் கைவைத்து, "ஐயா, கொஞ்சம் இருங்கோ. பெத்ததுக்கு இதையாவது நான் செய்யிறன்" என்றாரே பார்க்கலாம், குருக்களுக்கே சிரிப்பில் மந்திரம் தடுமாறியது.

இன்றைக்கும் நான் "அப்பா அப்பவே சொன்னவர்" என்று ஏதாவது தொடங்கினால், என் பிள்ளைகள் முழுவதும் கேட்பதற்கு முன்னமே குறுக்கிடுவார்கள்:

"அம்மா, எந்த அப்பா? கடலப்பாவோ, கச்சேரியப்பாவோ?"