மாயாண்டி எங்கேயும் வரக்கூடாது

எனக்குப் பொறாமை அதிகம். என் மாமா மகன் மாயாண்டி மேல் இருந்தது சாதாரணப் பொறாமை அல்ல. அதற்காக உட்கார்ந்து நிரலே எழுதியிருக்கிறேன்.

பிராட்பேண்ட் வந்த புதிதில் உத்தமபாளையத்தில் டி.டி.பி. கடை வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை அடிக்க ஓர் இலவச மென்பொருள். நிரலோடு கிடைக்கும், யாரும் திருத்திக்கொள்ளலாம். தமிழுக்காக அதில் நாற்பது திருத்தம் செய்து, யாருக்கும் காட்டாமல் பொத்தி வைத்திருந்தேன். தேனியில் இருந்த மாயாண்டி ஒரே ஒரு திருத்தம் செய்து, மென்பொருளை நடத்துபவர்களுக்கு அனுப்பிவிட்டான். மென்பொருளின் நன்றிப் பக்கத்தில் அவன் பெயர் ஏறிவிட்டது.

"மாயாண்டி பேரு உலகம் பூரா தெரியுதாம்ல. நீயும் கம்ப்யூட்டரைத்தான தட்டுற?" என்றார் அப்பா.

வயிறு எரிந்தது. நாற்பத்தொன்றாவது திருத்தமாக, என் கணினியில் மட்டும் அந்தப் பெயரை நீக்கினேன். (உலகத்துக்கு நஷ்டமில்லை, எனக்கு அப்படி ஒரு நிம்மதி.) ஆனால் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் என் திருத்தங்களை மறுபடி ஒட்டவேண்டும். நன்றிப் பக்கம் இடம் மாறியிருக்கும்; மாயாண்டி திரும்ப வந்து உட்கார்ந்திருப்பான். மூன்றாவது தடவை கடுப்பாகி, இந்தப் பெயர் எங்கே வந்தாலும் திரையிலும் தாளிலும் காட்டாதே என்று எழுதிவிட்டேன்.

அடுத்து என் தங்கச்சி கல்யாணப் பத்திரிகை. பழைய பதிப்பில் தட்டி வைத்திருந்ததைப் புதியதில் திறந்து, ஐந்நூறு அடித்தேன். சரிபார்க்காமல் இல்லை. நன்றிப் பக்கத்தில் மாயாண்டி இல்லை என்பதைச் சரிபார்த்தேன்.

அம்மா வீட்டில் ஆண்களுக்கெல்லாம் குலசாமி பெயர்தான். தாய்மாமன்கள் பெரியமாயாண்டி, சின்னமாயாண்டி. பத்திரிகையில் 'பெரிய', 'சின்ன' என்று மட்டும் நின்றது. மாமா மகன் மாயாண்டி இருந்த இடத்தில் வெறும் 'பி.இ.'

பெரிய மாமாவுக்கு முதல் பத்திரிகை வைக்கக் கடமலைக்குண்டு போன அம்மா அழுதுகொண்டே திரும்பினாள். "பாவி, சாமி பேரையே அழிச்சிட்டியே! கல்யாணத்துக்கு வரமாட்டேன்னு அண்ணன் சொல்லிட்டாக."

தாய்மாமன் சீர் இல்லாமல் எங்களில் பெண் மணமேடை ஏற முடியாது. தங்கச்சி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் பெரிய மாமா மகனோடு கடைக்கே வந்தார். "ஏலே, பெரியன்னா என்னலே? பெரிய கத்திரிக்காயா?"

மாயாண்டி நிரலைத் திறந்தான். பக்கத்தில் நான் எழுதிவைத்த குறிப்பைச் சத்தமாகப் படித்தான்: "மாயாண்டி எங்கேயும் வரக்கூடாது."

"எம் மகன் மேல அம்புட்டு வயித்தெரிச்சலா?"

"ஆமா மாமா."

உண்மையைச் சொன்னதாலோ என்னவோ, சிரித்துவிட்டார். "அப்ப இங்கன உக்காந்து ஒவ்வொண்ணுலயும் கைப்பட எழுதுடா."

பத்திரிகைக்கு மூன்று வீதம் ஆயிரத்து ஐந்நூறு மாயாண்டி எழுதினேன். சீர் வந்தது. என் நாற்பது திருத்தங்களையும் மாயாண்டியே அனுப்பிவைத்தான். நன்றிப் பக்கத்தில் அவன் பெயருக்குக் கீழே இப்போது என் பெயர். (கீழேதான்!)

பிறகு அந்த மாமா வீட்டிலேயே பெண் எடுத்தேன். பையன் பிறந்ததும் அவர்தான் பெயர் வைத்தார். "மாயாண்டி, மாயாண்டி" என்று தினமும் தொண்டை கிழியக் கூப்பிடுகிறேன், பயல் வருவதேயில்லை.

"எப்படி வருவான்?" என்பாள் என் மனைவி அடுப்படியிலிருந்து. "வரக்கூடாதுன்னு எழுதுனது நீங்கதான?"