முந்நூறு வருஷம் போகும் டவுன் பஸ்

கதை சொல்கிறவர்களால் மனித குலத்துக்குப் பெரிய ஆபத்து எதுவும் கிடையாது. தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து, அப்படியே வீடு போய்ச் சேர்ந்துவிடலாம். ஆபத்து வேறோர் இனத்தால் வருகிறது. "கதையை நான் சொல்ல மாட்டேன், நீங்கதான் நடத்தப் போறீங்க" என்று நம்மைப் பாயில் உட்கார வைத்துவிட்டு, நாம் வாயைத் திறக்கும்போதெல்லாம் அதற்கு ஒரு கதவு போட்டுச் சாத்துகிற இனம். பார்வைக்கு நம்மைப்போலத்தான் இருக்கும். சாதுவாகச் சிரிக்கும். காபி கொடுக்கும். ஏமாந்துவிடாதீர்கள்.

இதற்குத் தமிழில் இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. 'ஆட்டம் நடத்துகிறவர்' என்று வைத்துக்கொள்வோம். என்ன ஆட்டம்? நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்ள வேண்டியது. அரிதாரம் கிடையாது, மேடை கிடையாது, எல்லாம் வாயால்தான். "கோட்டை வாசல்ல நிக்கிறீங்க, என்ன செய்றீங்க?" என்று நடத்துகிறவர் கேட்பார். "சுவரேறிக் குதிக்கிறேன்" என்று நீங்கள் சொல்ல வேண்டும். குதித்தீர்களா, காலை ஒடித்துக்கொண்டீர்களா என்பதைத் தாயக்கட்டை தீர்மானிக்கும். தாயம், அஞ்சு, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் நடக்கும். ரெண்டு, மூணு, நாலு விழுந்தால் நடக்காது. இதுதான் சட்டம். சட்டம் என்னவோ எப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது.

நம் ஆராய்ச்சிக்கு அகப்பட்டவர் கோச்சடை முத்திருளன். மதுரைக் காளவாசலில் வீடியோ கேசட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். எண்பத்தாறாம் வருஷம் சிங்கப்பூரிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் சோப்பு, சென்ட், டார்ச் லைட்டோடு ஒரு கேசட்டையும் ஓர் ஆட்டப் புத்தகத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். கேசட்டில் ஒரு சீமைத் தொலைக்காட்சித் தொடர். கண்ணாடி வண்டி ஒன்றில் ஏறிக்கொண்டு ஒரு கூட்டம் நேற்றைக்கும் நாளைக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தது. மூன்றாவது பாகத்தில் வண்டி பனிக்குள் மாட்டிக்கொள்ள, கதவை உதைத்துத் திறப்பதற்குத் தலைவி காலைத் தூக்கிய அந்த நொடியில் படம் கரகரவென்று ஓடி, யாரோ ஒரு பெண்ணுக்கு வளையல் அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். சிங்கப்பூர்க்காரர் தம் கொழுந்தியாள் வளைகாப்பை அதன்மேல் பதிவு செய்திருந்தார். முத்திருளன் அந்த வளைகாப்பைக் கடைசிவரை பார்த்தார், பன்னீர் தெளிக்கிற கூட்டத்துக்குப் பின்னாலிருந்தாவது அந்த வண்டி வந்துவிடாதா என்று. வரவில்லை. மிச்சக் கதையைத் தாமே நடத்திவிடுவது என்று அன்றைக்குத் தீர்மானித்தார்.

கண்ணாடி வண்டி காளவாசலில் எடுபடாது என்று அதை டவுன் பஸ்ஸாக மாற்றினார். புத்தகத்தில் சொன்ன எட்டு முகக் கட்டை, இருபது முகக் கட்டையெல்லாம் மதுரையில் கிடைக்காததால் மனைவி அன்னக்கொடியின் பித்தளைத் தாயக்கட்டை போதும் என்றார். காலம் பின்னால் ஓடுகிற சத்தத்துக்கு, எந்த ஸ்டேஷனிலும் சேராமல் முள்ளை நடுவில் நிறுத்திய ரேடியோ. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடிக் கொட்டகையில் அந்த ரேடியோ இரைய ஆரம்பித்தால் பஸ் கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

பயணிகள் மூன்று பேர். டயர்க் கடை பேயாண்டி. அரிசி மண்டியில் வேலை பார்க்கும் சிவனாண்டி. சிவனாண்டியின் அக்காள் ஒச்சாயியைக் கட்டிய எழுமலைக்காரர் காளை. காளைக்குக் காளவாசலில் சைக்கிள் கடை. இந்த மச்சானும் மாப்பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். பேசிக்கொள்ள மாட்டார்கள்.

ஏன்? காளையின் மூத்த பெண்ணுக்கு எழுமலையில் காதுகுத்து நடந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்தல்லவா குத்த வேண்டும்? தாய்மாமன் சிவனாண்டி சீர்த்தட்டோடு போய்ச் சேர்ந்தபோது, நல்ல நேரம் முடியப்போகிறதென்று ஏதோ ஒரு ஒன்றுவிட்ட மாமன் மடியில் வைத்துக் குத்தி முடித்திருந்தார்கள். பிள்ளை அழுதுகூட முடித்திருந்தது. பஸ் ரிப்பேர் என்றார் இவர். முந்தின பஸ்ஸில் வர வேண்டியதுதானே என்றார் அவர். அன்றோடு பேச்சு நின்றது. பிறகு பிறந்த பையனுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது வந்தும் காது மூளியாகவே இருந்தது. "எந் தம்பி மடி இல்லாம எம் பிள்ளை காதுல ஊசி ஏறாது" என்று ஒச்சாயி ஒற்றைக் காலில் நின்றாள். பிறகு எப்படி இருவரும் ஒரே பாயில்? "அவன் வாரான்னு நான் ஏன் வராம இருக்கணும்?" என்று இரண்டு பேரும் தனித்தனியாகக் கேட்டதால், இரண்டு பேரும் ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

முதல் ஆட்டம் ஆரம்பமே ஆகவில்லை.

"பஸ் வந்து நிக்குது. என்ன செய்றீங்க?"

"ஜன்னல் வழியாத் துண்டைப் போட்டு சீட்டுப் பிடிக்கிறேன்" என்றார் பேயாண்டி.

"அண்ணே, இது காலத்துல ஓடுற பஸ்ஸு. கூட்டமே கிடையாது."

"கூட்டம் இல்லையா? அப்ப அது நம்மூரு பஸ்ஸே இல்ல. நான் ஏற மாட்டேன்."

வேறு வழியில்லாமல் முத்திருளன் கூட்டத்தை ஏற்றினார். ஏற்றியதும் சிவனாண்டிக்கு இடம் கிடைத்தது, காளை நிற்க வேண்டியதாயிற்று. "இவருக்கு மட்டும் சீட்டு எப்படி வந்துச்சுன்னு கேளுங்க" என்று காளை ஆரம்பித்த வழக்கு தீர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

முத்திருளன் மனசில் பஸ் போய்ச் சேர வேண்டிய நிறுத்தம் ஒன்றே ஒன்றுதான். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய மதுரை. பட்டாபிஷேகத்தன்று காலையில் கிரீடம் களவு போகிறது. பயணிகள் அதை மீட்கிறார்கள். ராஜா கண்ணீர் விடுகிறார். கிரீடத்தை அட்டையில் வெட்டி, ஜிகினாத் தாள் ஒட்டி, பரணில் ஒளித்தே வைத்துவிட்டார். ஆகவே பயணிகளுக்கு அளவற்ற சுதந்திரம் வழங்கப்பட்டது.

"வடக்க போவமா?" என்பார் பேயாண்டி.

"தாராளமா! உங்க இஷ்டம்ணே. வடக்க வெள்ளம் வந்திருக்கு, அம்புட்டுத்தான்."

"அப்ப தெக்க."

"போகலாமே. புலி ஒண்ணு அலையுதுன்னு பேச்சு."

"வந்த வழியே திரும்பிருவோம்."

"திரும்புங்க. பாலம் இடிஞ்சு கெடக்கு."

மிச்சமிருப்பது கிழக்கு. கிழக்கே, என்ன அதிர்ஷ்டம் பாருங்கள், அரண்மனை!

மீறிப் பயணி ஒருவருக்குத் தாயம் விழுந்து காரியம் கைகூடிவிடும்போல இருந்தால், "கட்டை பாயை விட்டு வெளிய உருண்டிருச்சு, செல்லாது" என்பார். பாயைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். உட்காருகிற பாய் அல்ல, கட்டை உருட்டுவதற்கென்று நடுவில் போட்ட, கைக்குழந்தைக்கு விரிக்கிற பாய். பயணிகள் கையில் இல்லாத காரியங்களுக்குத் தாமே போடும் கட்டையை உள்ளங்கையால் மறைத்துப் போட்டு, ஓரக்கண்ணால் பார்த்து, "ச்சூ" என்று உதட்டைப் பிதுக்குவார். அந்த 'ச்சூ'வில் எத்தனை குதிரைகள் செத்தன, எத்தனை கயிறுகள் அறுந்தன! "எனக்கே வருத்தமாத்தான் இருக்கு" என்று அவர் சொல்லும்போது நிஜமாகவே வருத்தப்படுவார். அதுதான் இந்த இனத்தின் விசேஷம்.

அரண்மனைக் கோபுரம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பேயாண்டி பாயில் உட்காராமல் நின்றார்.

"முத்திருளு, பக்கத்து வீட்டுல டிவி வாங்கிட்டாக."

"நல்லதுண்ணே. பஸ் இப்ப..."

"பஸ் இன்னைக்கும் அரமனைக்குத்தான் போகும்னா, நான் அடுத்த வாரத்துலருந்து டிவி பாக்கப் போறேன்."

"நானும்" என்றார் சிவனாண்டி. "நான் மட்டும் என்ன?" என்றார் காளை, ரேடியோவைப் பார்த்து.

காளவாசல் முழுக்கக் கூப்பிட்டுப் பார்த்து மிஞ்சியவர்கள் இந்த மூன்று பேர். இவர்களும் போனால்? தவில்காரர் தவிலைத் தொலைத்தால் வேறு தவில் வாங்கிக்கொள்ளலாம். தவிலே எழுந்து நடந்து போனால் என்ன செய்வது? பயம் மனிதனை எதுவும் செய்ய வைக்கும். முத்திருளன் வாழ்க்கையில் முதல் முறையாக பயணிகளை மனப்பூர்வமாகக் கேட்டுவிட்டார்: "சரிண்ணே. எங்க போகணும்?"

சிவனாண்டி, "எழுமலைக்கு" என்றார்.

"எந்தக் காலத்து எழுமலை தம்பி?"

"எங்கக்கா மக காதுகுத்து அன்னைக்கு. காலையில."

காளை கொட்டகையின் ஓலையை எண்ணுகிறவர்போல மேலே பார்த்தார்.

"நடந்ததை மாத்த முடியாது தம்பி. காலத்துல போறதுக்கு முதல் விதியே அதுதான்" என்று முத்திருளன் அவசரமாக ஒரு விதி செய்தார்.

காபித் தட்டோடு படியேறி வந்த அன்னக்கொடி, "அப்ப களவு போன கிரீடத்தை மட்டும் எப்படி மீக்கப் போறாக? அதுவும் நடந்ததுதானே?" என்றாள்.

"உனக்கு எப்படிடி தெரியும்?"

"பரணைக் கூட்டித் தூத்தது யாராம்?"

"என்ன கிரீடம்?" என்றார் பேயாண்டி.

"ஒண்ணுமில்லண்ணே. பஸ் கிளம்பிருச்சு."

கிளம்பியதே தவிர, முத்திருளனின் கை சும்மா இருக்குமா? எழுமலை வழியில் செக்கானூரணி தாண்டியதும் டயர் வெடித்தது. "டயரா? எங்கிட்டயா?" என்று பேயாண்டி கட்டையைக்கூடத் தொடாமல் மாட்டி முடித்தார். ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. ஹாரன் அடித்து விலக்கினார்கள். உசிலம்பட்டியில் கடைசியாக ரயில் கேட்டைச் சாத்தினார். அவர் கணக்குப்படி வரப்போகிற ரயிலில் ராஜதூதன் ஒருவன் வருகிறான், "கிரீடம் போச்சு!" என்று கதறுகிறான், பஸ் திரும்பிவிடும்.

"முத்திருளு, நான் எங்க இருக்கேன்?" என்றார் காளை திடீரென்று.

"பஸ்லதாண்ணே."

"அதெப்படி? அன்னைக்கு நான் எழுமலைலல்ல இருந்தேன்? பந்தல்ல நிக்கிறேன். ஆசாரி ஊசியை எடுக்கிறாரு. 'ஆசாரியாரே, ஒரு வாய் காபி குடிச்சிட்டு வாங்க'ன்னு அவரைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போறேன்."

சொன்ன வேகத்தில் கட்டையை உருட்டினார். தாயம். பாயின் விளிம்புக்கு வெளியே.

"பாயை விட்டு..." என்று முத்திருளன் ஆரம்பித்தார்.

"பாய் மடிஞ்சிருக்குங்க" என்று அன்னக்கொடி கால் விரலால் ஓரத்தை நீவிவிட்டாள். கட்டை பாய்க்குள் வந்துவிட்டது.

"அவருகிட்டச் சொல்லுங்கண்ணே, நான் ரயில் கேட்டுல நிக்கிறேன்னு" என்றார் சிவனாண்டி.

"நேரம் போகுது, பங்காளிக எல்லாம் எங் கழுத்தைப் பிடிக்கிறாகன்னு அவருகிட்டச் சொல்லு முத்திருளு."

"எறங்கி நடந்தே வாரேன்னு சொல்லுங்க."

"சீர்த்தட்டைத் தூக்கிக்கிட்டா? அம்புட்டுத் தூரம் நடக்க முடியாது மாப்ள, பஸ்லயே வா. நான் பாத்துக்கிறேன்."

சொன்ன பிறகுதான் காளைக்கே தெரிந்தது, யாரிடம் சொன்னோம் என்று. சிவனாண்டி தலையைத் தூக்காமல், "கேட்டு தொறக்கணுமே மச்சான்" என்றார்.

எல்லோரும் முத்திருளனைப் பார்த்தார்கள். கேட்டுக்குக் கட்டை போட வேண்டியவர் அவர். போட்டார். உள்ளங்கையால் மறைத்து எட்டிப் பார்த்தார். மூணு. அவர் போட்ட சட்டப்படியே கேட் திறக்காது. இதைவிட நியாயமான 'ச்சூ' அவருக்கு இனி எந்த ஜன்மத்திலும் அமையாது. உதட்டைக்கூடப் பிதுக்கிவிட்டார். எதிரே மூன்று பேர். மூவரும் செருப்பு எங்கே கிடக்கிறதென்று ஒரு கண்ணால் பார்த்து வைத்திருந்தார்கள்.

"தொறந்துருச்சு" என்றார்.

கட்டை சொன்னதை அவர் மாற்றிச் சொன்னது முதல் தடவை அல்ல. பயணிக்குச் சாதகமாக மாற்றிச் சொன்னது முதல் தடவை.

முத்திருளன் திருந்திவிட்டார் என்று கண் கலங்குகிறீர்களா? துடைத்துக்கொள்ளுங்கள். இந்த இனம் திருந்தியதாகச் சரித்திரம் கிடையாது. மச்சானும் மாப்பிள்ளையும் ஜோடியாக வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள். கொஞ்ச நாளில் எழுமலையில் பையனுக்குக் காதுகுத்து, இந்த முறை நிஜமாக, சிவனாண்டி மடியில். சீர்த்தட்டோடு முந்தின நாளே போய் உட்கார்ந்துவிட்டார் மனிதர். பந்தலில் முத்திருளன் அகப்பட்டவர்களை எல்லாம் நிறுத்தி, "ஆரம்பத்துலருந்தே நான் இதுக்குத்தான் கொண்டுவந்தேன். புலி, வெள்ளம் எல்லாம் சும்மா ஒரு போக்குக் காட்டினது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆசாரி ஊசியை எடுத்ததும் குனிந்து, "உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படியே குத்துங்க. ஆனா கொஞ்சம் கிழக்க திரும்பி..." என்றார்.

ஆசாரி நிமிர்ந்து, "இவுக யாரு?" என்றார்.

"நீங்க குத்துங்க ஆசாரியாரே" என்றாள் ஒச்சாயி. "அவுக அப்படித்தான்."

அடுத்த ஞாயிறு கொட்டகைக்கு யாரும் வரவில்லை. மச்சான் வீட்டில் மாப்பிள்ளைக்குக் கறிச்சோறு. அதற்கடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டில் மச்சானுக்கு. பேயாண்டி டிவி வீட்டில் முதல் வரிசையில். பயணிகளைப் பிடித்து வைக்கத்தான் முத்திருளன் கேட்டைத் திறந்தார். அவரவர் ஊர் வந்ததும் அவரவர் இறங்கிவிட்டார்கள். பயணிகளை வேறென்ன செய்யச் சொல்கிறீர்கள்?

முத்திருளனை நினைத்து நீங்கள் சிரித்தது எனக்குக் கேட்டது. சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக் கடையில் பத்துச் சேலையை விரிக்கச் சொல்லி, "உனக்குப் புடிச்சதை எடும்மா, அப்பா குறுக்க நிக்க மாட்டேன்" என்று மகளிடம் சொன்னது யார்? அவள் நீலத்தைத் தொட்டதும் சாயம் போகும் என்றது? மஞ்சளைத் தொட்டதும் அவள் நிறத்துக்கு எடுப்பாக இருக்காது என்றது? கடைக்காரர் காத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் மனசில் எடுத்து வைத்த பச்சை நல்ல சேலைதான், யாரும் இல்லையென்று சொல்லவில்லை. அதன் மேல் வைத்திருக்கிற கையை மட்டும் கொஞ்சம் எடுங்கள்.