தலையணைக் கடைக்கு நான் போட்ட திட்டம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு யாவரும் நலம் என்று எழுதத் தொடங்கினேன். பொய் எழுதக் கை கூசியதால் நிறுத்திவிட்டேன். தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாகத்தான் இருப்பீர்கள், மகள் வந்திருக்கிறாள் அல்லவா. ஏன் வந்தாள் என்று அவள் சொல்லியிருக்க மாட்டாள். யாரையும் காட்டிக் கொடுக்கிற பெண் இல்லை. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

மருமகள் கழுத்து வலிக்காரர்களுக்குத் தலையணை தைத்து இணையத்தில் விற்பது தாங்கள் அறிந்ததே. ஒருநாள் காப்பி குடிக்கும்போது, "மாமா, கடைக்கு ஒரு சின்ன மார்க்கெட்டிங் பிளான் போடணும். யார் வாங்குவாங்க, அவங்ககிட்ட என்ன சொல்றது, எங்க சொல்றது, அவ்வளவுதான். ஒரு பக்கம் போதும்" என்றாள். குடிநீர் அலுவலகப் புகார்ப் பிரிவில் காலம் தள்ளிவிட்டு வீட்டில் சும்மா இருக்கிற மாமனாரிடம் இப்படிச் சொல்லலாமா? "எங்கிட்ட விடும்மா" என்றேன். வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்டாள், பாவம்.

யார் வாங்குவார்கள்? தூக்கம் வராதவர்கள். என்ன சொல்வது? தூங்கலாம் என்று சொல்வது. அதற்குச் சாட்சி வேண்டாமா? மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அந்தத் தலையணையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த என் மனைவியை வீடியோ எடுத்து, 'இவரைப் போல் நீங்களும்' என்று கடையின் இணையப் பக்கத்தில் போட்டேன். ஊரே பார்த்தது. ஆனால் ஒன்றுகூட விற்கவில்லை. இந்தத் தலையணையில் படுத்தால் குறட்டை வரும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். என் மனைவிக்கே அவள் தங்கை போன் போட்டுச் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. அன்றிலிருந்து எனக்குச் சேதியெல்லாம் மகன் வழியாகத்தான்: "அப்பா, சாப்பாடு ஆறுதாம்." அத்தோடு நின்றிருக்கலாம், சனி விட்டால்தானே! 'தூக்கம் வராவிட்டால் பணம் வாபஸ்' என்று அறிவித்தேன். அறிவித்ததுதான் தாமதம், வாங்கியவர் ஒருவருக்கும் தூக்கம் வரவில்லை. நல்லா குறட்டை விட்டுத் தூங்கி எழுந்துட்டு எழுதுறாங்களே என்று கடுப்பாகி, அலுவலகப் பழக்கத்தில் பதில் தட்ட ஆரம்பித்தேன். அங்கே தண்ணீர் வரவில்லை என்றால், உங்கள் குழாயை முதலில் பாருங்கள் என்போம். இங்கே தூக்கம் வரவில்லை என்று எழுதிய ஓர் அம்மாளுக்கு, 'தலையணையில் குறையில்லை. மனசாட்சி உறுத்துகிறதா என்று பாருங்கள்' என்று எழுதிவிட்டேன்.

சம்பந்தி, அந்த அம்மாள்தான் மருமகளிடம் முதன்முதலில் வாங்கியவர். கணவர் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டு அவர் எழுதவில்லை. பேச ஆளில்லாமல் எழுதியிருக்கிறார். மருமகள் என் பதிலைப் படித்துவிட்டுத் தையல் மெஷினை மூடினாள். சத்தம் போடவில்லை. "மாமா, கழுத்து எப்படி இருக்குன்னு அவங்ககிட்ட அப்பப்போ கேப்பேன். அவங்க நாலு பேர்கிட்ட சொல்வாங்க. எனக்குத் தெரிஞ்ச பிளான் அவ்வளவுதான்" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சாயங்காலம் அவள் பை எடுத்துக்கொண்டு படியிறங்கியபோது, போகாதேம்மா என்று சொல்லக்கூட எனக்கு முகம் இல்லை.

மறுநாள் பார்சல் விலாசத்தைப் பார்த்து அந்த அம்மாள் வீட்டுக்கே போனேன். "யாருங்க?" என்றார். "தலையணைக் கடை..." என்று இழுத்தேன். "ஓ, மனசாட்சிக்காரரா? உள்ள வாங்க" என்று நாற்காலி போட்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் முந்திக்கொண்டார். "தலையணை நல்லாத்தாங்க இருக்கு. பக்கத்துத் தலையணைலதான் ஆள் இல்ல" என்றார். அவர் பேசப் பேசக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் ஒரு புகாரைக் கடைசிவரை கேட்டது அன்றைக்குத்தான்.

தயவுசெய்து தங்கள் மகளை அனுப்பிவையுங்கள். கடைப் பக்கத்தை மகனிடம் ஒப்படைத்துவிட்டேன். இனி பார்சலுக்கு டேப் ஒட்டுவதோடு சரி. அதையும் கேட்டுவிட்டுத்தான் ஒட்டுவேன். மெஷின் சத்தம் இல்லாத வீட்டில் உட்கார முடியவில்லை.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மருமகளுக்கு என் ஆசிகள், வாங்கிக்கொள்ள அவளுக்கு மனமிருந்தால்.

தலைகுனிந்து,
தங்கள் சம்பந்தி

பி.கு.: இதை உறையில் போடும் நேரத்தில் என் மனைவி பெட்டியோடு வந்து நின்று, இத்தனை நாளுக்கப்புறம் என்னிடம் நேராகவே பேசினாள்: "மருமக அங்க, மெஷின் இங்கன்னா எப்படி? நானும் பையனும் எடுத்துட்டுப் போறோம். தைக்க நானும் ஒரு கை குடுக்கணும்." மகன் ஏற்கெனவே மெஷினை வண்டியில் ஏற்றிவிட்டான். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள், அவளை அனுப்ப வேண்டாம். தங்கள் வீட்டில் எனக்கும் ஒரு கட்டில் மிச்சமிருக்குமா என்று மட்டும் தெரிவியுங்கள்.