சாவி கேட்ட துருக்கிப் படம்

"சார், கீழ ஓடுற எழுத்து மலையாளமால்ல இருக்கு?"

படம் தொடங்கி நான்காவது நிமிடத்தில் பின்வரிசையிலிருந்து இந்தக் குரல் வந்தது. ஜெபராஜ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். தமிழில் வசனம் ஓடும் என்று நம்பிப் பென் டிரைவில் ஏற்றி வந்த துருக்கிக் குடும்பப் படத்தில், மலையாளம் ஓடிக்கொண்டிருந்தது. படமோ மூன்று மணி நேரம் பத்து நிமிடம்.

ஜெபராஜ் காமயகவுண்டன்பட்டிக்கு மாற்றலாகி வந்து நான்கு மாதமே ஆன பள்ளி ஆசிரியர். மாதம் ஒரு உலகப் படம் காட்டும் மன்றம் அவர் தொடங்கியது. போன மாதப் படத்துக்குக் கடைசிவரை இருந்தவர் வாட்ச்மேன் ஒருவர்தான், அவரும் தூங்கிப்போயிருந்தார். மண்டபத்தை இலவசமாகத் தந்த சுருளிராஜன் கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவ பத்துப் பேராவது கடேசி வரைக்கும் உக்காந்து, கருத்து எழுதிக் கையெழுத்துப் போடணும். இல்லாட்டி அடுத்த மாசம் இங்கன திராட்சப் பெட்டிதான் உக்காரும்."

சொன்னவர் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

"யாருக்காவது மலையாளம் தெரியுமா?"

"நம்ம முனீஸ்வரிக்குத் தெரியும் சார். தெனம் கேரளா ஏலத்தோட்டத்துக்கு ஜீப்புல மலையேறுதுல்ல!" என்றாள் ஜக்கம்மா.

முனீஸ்வரி கொஞ்சம் தயங்கினாள். பிறகு முன்னால் வந்து மைக்கை வாங்கிக்கொண்டாள்.

திரையில் மீசைக்காரர் ஒருவர் ஜன்னலோரம் டீ குடித்தார். எதிரே தம்பியும் தம்பி மனைவியும். பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள்.

"அண்ணங்காரவுக சொல்றாக, கெணத்து மோட்டார் சாவி எங்கிட்டத்தான் இருக்கும்னு."

"வெளிய பனி கொட்டுது. இதுல மோட்டாரு என்னத்துக்கு ஆத்தா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"பனி எத்தன நாளைக்குக் கொட்டும்? வெயில் காலம் வராதா?"

கூட்டம் ஒத்துக்கொண்டது.

அடுத்த ஆறு நிமிடம் படத்தில் யாருமே பேசவில்லை. மீசைக்காரர் ஜன்னலைப் பார்த்தார். கேமரா மீசைக்காரரைப் பார்த்தது. நான்கு பேர் செருப்பைத் தேடினார்கள். பதறிப்போன ஜெபராஜ், "அவங்க பேசாதப்ப மனசுல என்ன ஓடுதுன்னாவது சொல்லும்மா" என்று கெஞ்சினார்.

சொல்லியிருக்கக் கூடாது. முனீஸ்வரிக்கு மடை திறந்துகொண்டது.

"தம்பி பொண்டாட்டி நெனைக்கிது: ரெண்டு வருசமா எங்களுக்குத் தண்ணி மொற விடல. தென்னம்பிள்ள அம்புட்டும் காயுது. கேட்டா, பொம்பளைக்கு இங்கன என்ன பேச்சுங்கிறாக!"

"அப்படிப்பட்ட ஆளுக்கு என்னம்மா மரியாதை? சொல்றான்னே சொல்லு" என்றார் ஜெபராஜ்.

"வாய் வரமாட்டேங்குது சார்."

செருப்புத் தேடியவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார்ந்தவர்கள் போன் போட்டு வீட்டிலிருந்தவர்களை வரவழைத்தார்கள். பன்னிரண்டு பேர் அறுபத்து மூன்று ஆனார்கள். அத்தனை பேரும் முன்பக்கம் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். முனீஸ்வரி அங்கேதானே நின்றாள். மீசைக்காரர் ஐந்தாவது டீயை எடுத்தபோது, "ஏலே, சாவியக் குடுறா!" என்று ஜக்கம்மா நாற்காலி மேலேயே ஏறிவிட்டாள்.

நாற்காலி உடைந்தால் மண்டபம் போச்சு. ஜெபராஜ் சுருளிராஜனிடம் ஓடினார். "மன்னிச்சிருங்க, நிறுத்திரவா?"

"நிறுத்துனீக, கெட்ட கோவம் வந்துரும்!" சுருளிராஜன் துண்டால் கண்ணைத் துடைத்தார். "கூடப் பெறந்தவனுக்கு இப்பிடிச் செய்வானா சார் ஒருத்தன்?"

படம் முடிந்தது. அறுபத்து மூன்று கருத்துகள் வந்தன. 'டீ அதிகம், வடை இல்லை' என்று ஜக்கம்மா எழுதியிருந்தாள். 'வெளிநாட்டுப் படம் மாதிரியே தெரியவில்லை' என்றது ஒன்று. சுருளிராஜன் மட்டும் ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தார்: 'தம்பிக்குத் தண்ணீர் விடாதவன் மனுசனே அல்ல. அந்த அண்ணன் மோட்டார் சாவியை நாளைக் காலையிலேயே தம்பி வீட்டில் கொடுத்துவிட வேண்டும். இப்படிக்கு, சுருளிராஜன்.'

"வருசம் பூராவும் மண்டபம் ஒங்களுக்குத்தான் சார்" என்று கைகுலுக்கிவிட்டுப் போனார்.

ஜெபராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை. தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தவரிடம் முனீஸ்வரி வந்தாள்.

"சார், மண்டபத்துக்காரவுக எழுதுன பேப்பர மட்டும் எங்கிட்டக் குடுத்துருங்க."

"உனக்கு எதுக்கும்மா அது?"

"எனக்கு மலையாளம் பேசத்தான் வரும், எழுத்துப் படிக்க வராது சார், நான் சொன்னது அம்புட்டும் எங்க வீட்டுக் கத, இப்பக் கையெழுத்துப் போட்டுட்டுப் போறாகளே, அவுகதான் எங்க வீட்டுக்காரருக்குக் கூடப் பெறந்த அண்ணன்."