கிட்ட வராதே, ஸ்டெஃபி

"கிட்ட வராதே!"

அப்பாவைக் கட்டிக்கொள்ள ஓடிவந்த ஸ்டெஃபி அப்படியே நின்றுவிட்டாள். ஏழு மாத வயிறு.

அவள் உமேஷைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து இரண்டு வருடம் அப்பா இருதயராஜ் அவளோடு பேசவில்லை. போன வாரம்தான் அவரே போன் செய்து செகந்திராபாத் வீட்டுக்குக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பேச்சு. ஆசை தாங்காமல் இன்றே வந்துவிட்டாள்.

இன்று காலைதான் அவர் ஜீடிமெட்லாவுக்கு வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பெட் ஸ்கேன் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நெஞ்செலும்புக்குப் பின்னால், தைமஸ் சுரப்பியில் கட்டி. வீட்டில் யாருக்கும் தெரியாது. கதிர்வீச்சு மருந்தை ஊசியில் ஏற்றினால் கட்டி படத்தில் ஒளிருமாம். கையில் ஊசி ஏறியது, மெஷின் மக்கர் செய்தது, திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியே வரும் வழியில் ஆஸ்பத்திரிச் சுவரில் கொட்டை எழுத்தில் படித்தார்: ஊசி போட்டவர்கள் இன்று முழுவதும் கர்ப்பிணிகளை நெருங்கக் கூடாது.

"ஜலதோஷம்மா, ஒட்டிக்கும்" என்றார்.

மனைவி ஜூடித் உடனே மிளகு ரசம் வைத்தாள். ஸ்டெஃபியே டம்ளரை எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் பாத்ரூமுக்குள் பாய்ந்து தாழ்ப்பாள் போட்டார்.

"கைக்கு டாடி? ஏன் இப்படி ஓடுறீங்க?"

"வயிறு சரியில்லை!"

"அப்ப நீங்க வெளிய வர்ற வரைக்கும் இங்கேயே உக்காந்திருக்கேன்."

ஸ்டூல் இழுபடும் சத்தம். கதவுக்கும் பேரப்பிள்ளைக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது.

"நக்கோ, வேண்டாம்! எழுந்து போ! நீ இங்க இருக்கவே கூடாது!"

வெளியே விசும்பல். "மம்மி, இவருக்கு இன்னும் கோபம் போகல. நான் குகட்பள்ளிக்கே, உமேஷ்கிட்டயே போறேன்."

வாசல் கதவு அறைந்து சாத்தப்படும் சத்தம். இந்தத் தடவை போனால் வரவே மாட்டாள். அவர் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு பால்கனிக்கு ஓடினார். கீழே அவள் ஆட்டோவில் பையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்டெஃபி! கோபமில்லைம்மா! நெஞ்சுல கட்டி! உடம்பு பூரா கதிர்வீச்சு! பிள்ளைக்கு ஆகாது!"

நான்கு மாடி ஜன்னல்களும் திறந்தன. ஸ்டெஃபி வாயைப் பொத்திக்கொண்டாள். அவருக்குப் பின்னால் வந்து நின்ற ஜூடித் சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்தாள். ஒரு மாதமாகப் பூட்டி வைத்திருந்தது தெருவுக்கே தெரிந்துவிட்டது.

போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் வேதவல்லி.

"சார், மெஷின் ரெடி. நாளைக்கு எட்டு மணிக்கு வெறும் வயித்தோட வாங்க."

"இன்னொரு தடவை கதிர்வீச்சு ஊசியா? உடம்பு தாங்குமாம்மா?"

"இன்னொரு தடவையா? காலைல ஏத்தினது வெறும் சலைன் தண்ணிதானே சார், நரம்பு சரியா இருக்கான்னு பாக்க!"