மூணூராரும் நூறு வாட்ஸும்

நூறு வாட்ஸ் என்றால் குண்டு பல்பு அளவுதானே என்று நம்பி, நாற்பத்தெட்டாவது வயதில், கிட்டாரைச் செருகி வாசிக்கும் வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றை பெங்களூரில் ஓர் இளைஞனிடம் வாங்கி வந்தவன் நான். எதற்கப்பா விற்கிறாய் என்று கேட்டிருக்கலாம். அவன் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்தாவது புரிந்துகொண்டிருக்கலாம். நிறையப் படித்தவனுக்கு இதெல்லாம் தோன்றுவதில்லை.

கடத்தூரில் எங்களுடையது மாடி வாடகை வீடு. கீழே வீட்டுக்கார அம்மாவும் அவருடைய இரண்டு கறவை மாடுகளும். நான் முதல் தடவை கம்பியைத் தட்டியதும் எங்கள் டம்ளர்கள் அலமாரியிலிருந்து தாமாகவே இறங்கின. மூன்றாம் நாள் அந்த அம்மா மாடியேறி வந்தார்.

“சார், மாடு பால் சொரப்பே வுட மாட்டேங்குது. வர்ற அமாவாசைக்குள்ள அந்தப் பொட்டி வாய மூடணும். இல்லீன்னா வூட்டக் காலி பண்ணிக்கங்க.”

என் மனைவி பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. நடந்து போய்வரும் தூரத்தில் இன்னொரு வீடு அமையாது. “வூடு போச்சுன்னா பொட்டியும் நீங்களும் எங்கியாவது போயிக்கங்க. நான் கீழ மாட்டோட இருந்துக்கறேன்” என்றாள்.

குமிழைத் திருகிக் குறைத்தால் போச்சு என்பீர்கள். வால்வுகள் மூச்சுமுட்ட உழைத்தால்தான் அந்தக் கரகரப்பான இனிமை வரும். குறைத்து வைத்தால் தகர டப்பாவுக்குள் மாட்டிய கொசு.

வால்வு தெரிந்தவர் என்று ஊரே கைகாட்டியது மைக்செட் மூணூராரைத்தான். உலகத்தில் எந்தச் சத்தத்தையும் பெரிதாக்கத் தெரிந்த, எதையும் சிறிதாக்கத் தெரியாத மனிதர் அவர். வாட்ஸ் எல்லாம் அவரிடம் செல்லாது. சத்தத்துக்கு அவர் வைத்திருந்த அளவு, ஊர். காதுகுத்துக்கு ஓரூர், கல்யாணத்துக்கு ரெண்டூர், மாரியம்மன் பண்டிகைக்கு மூணூர். குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு மொபெட்டில் கிளம்பி, கேட்காத இடம் வரை போய் அளந்துவிட்டு வருவார்.

“கொறைக்கணுமா?” என்றார், நான் ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்ட மாதிரி. “நாப்பது வருசமா சத்தம் பத்தலன்னுதான் சண்டைக்கு வந்துருக்காங்க. கொறைக்கச் சொல்லி வந்த மொத ஆளு நீங்கதாங்க சார்.”

வந்தவர் உள்ளே இருந்த நான்கு பெரிய வால்வுகளில் இரண்டைப் பிடுங்கினார். பாதி வால்வு போனால் பாதிச் சத்தம் என்று நான் நினைத்தேன். காது கணக்கில் மட்டம் என்பது எனக்குத் தெரியாது. டம்ளர்கள் சற்று நிதானமாக இறங்கின, அவ்வளவுதான்.

“வாசிச்சுக்கிட்டே இருங்க சார். கேக்காத எடத்துலருந்து போன் பண்றேன்” என்று மொபெட்டை உதைத்தார். உடனே போன் வந்தது. “கேக்கவே இல்லீங்க சார்! ஜம்முனு அடங்கிருச்சு!”

எட்டிப் பார்த்தேன். எங்கள் வாசல் கேட்டில் சாய்ந்து நின்றிருந்தார். சுற்றிலும் தெரு மொத்தமும் காதைப் பொத்திக்கொண்டு நின்றது. நாற்பது வருடம் குழாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்த காதுகளிடம் நான் என் வீட்டை ஒப்படைத்திருந்தேன்.

அடுத்து, வீட்டுக்கார அம்மாவிடம் அவரே பேசிச் சம்மதம் வாங்கி, நீள ஒயர் இழுத்து, ஸ்பீக்கரை வைக்கோல் போருக்குள் புதைத்தார். திங்கட்கிழமை சொர்க்கம். எங்கோ தொலைவில் யாரோ இருமுவது போலத்தான் கேட்டது. ஆனால் வைக்கோல் போர் என்பது மாட்டின் சாப்பாடு என்பதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. மாடுகள் தின்னத் தின்னச் சத்தம் வளர்ந்தது. சனிக்கிழமை அந்த அம்மா ஒரு கைப்பிடி உருவியபோது ஸ்பீக்கரின் முகம் வெளியே வந்தது. சரியாக அந்த நேரத்தில் நான் மேலே கம்பியைத் தட்டினேன். வைக்கோல் மேலேயே விழுந்ததால் அவருக்கு அடியில்லை.

“நாளைக்கு அமாவாச, சார்” என்று மட்டும் கீழிருந்து குரல் வந்தது. மனைவி அட்டைப்பெட்டிகளை இறக்கினாள். நான் புத்தகங்களை அடுக்கத் தொடங்கினேன்.

மறுநாள் காலை மூணூரார் ஒரு பழைய கரண்ட் அடுப்புக் காயிலோடு வந்து, ஸ்பீக்கரை மறுபடி மாடிக்கு ஏற்றினார். காயிலில் ஆறில் ஒரு பங்கை வெட்டி, ஓட்டுத்துண்டின் மேல் சுற்றி, ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே கோத்து, பெட்டியின் தலைக்கு அடியில் செருகினார். “சத்தத்துல முக்காவாசிய இது தின்னு சூடாக்கிரும்.” சொந்தக் கோழியை அறுப்பவரின் முகத்தோடு இதைச் செய்தார்.

வாசித்தேன். டம்ளர்கள் இடத்திலேயே இருந்தன. கீழே பாத்திரத்தில் பால் பீய்ச்சும் சத்தம் கேட்டது.

“நீங்களே இருந்துக்கங்க சார்!” என்று அந்த அம்மா கத்தினார். “இத்தன நாளும் வெறும் சத்தந்தான். இன்னிக்குத்தான் நீங்க வாசிக்கறது என்னன்னு தெரியுது. பரவால்ல, மாடு பழகிக்கும்.”

மூணூரார் மட்டும் விழித்துக்கொண்டு நின்றார். அவர் கை வைத்த ஒரு சத்தம், அதே அறையில் நின்றும் அவருக்கே எட்டாமல் போனது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் வந்தார். பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். எனக்குத் தெரிந்த ஒரே மெட்டை முழுசாக வாசித்தேன். முடியும்வரை கையை எடுக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது தண்ணீர் நின்றது.

“நல்லா வாசிக்கறீங்க சார்.”

என் வாழ்நாளில் இதைச் சொன்ன ஒரே மனிதர். இன்றும் ஞாயிற்றுக்கிழமை மொபெட் வந்துவிடும். அதே இடம், அதே கை.

அந்த முதல் நாளே மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் பெட்டியின் தலையை ஒரு விரலால் தொட்டு, வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“இந்தச் சூடு சுடுது. கண்ணுல தண்ணி வராம என்னங்க பண்ணும்?”