மாப்பிள்ளையின் இடக்கை

அகதியாக வந்தவனுக்குக் கிடைக்கும் வசதிகள் குறைவு. ஆனால் ஒன்று உண்டு: ஊரில் அவன் என்னவாக இருந்தான் என்பதைச் சரிபார்க்க யாராலும் முடியாது. எண்பதுகளில் கனடாவின் மொன்றியலுக்கு வந்து சேர்ந்த எங்களில் சாதாரண ஆள் என்று ஒருவர்கூட இல்லை. உணவகங்களில் சட்டி கழுவியவர்கள் எல்லோருமே ஊரில் மனேஜர்கள். (அந்த மனேஜர்மாருக்குக் கீழே வேலை செய்த கிளாக்கர்மார் எந்த நாட்டுக்குப் போனார்கள் என்பது இன்றுவரை மர்மம்.) நான் மட்டக்களப்பான். மனேஜர் என்று சொல்லுமளவுக்கு எனக்கு மீசை முளைத்திருக்கவில்லை. ஆகவே கூடைப்பந்து வீரன் ஆனேன்.

முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. நான் படித்த கல்லூரியில் கூடைப்பந்து கிட்டத்தட்ட இன்னொரு சமயம். நானும் அணியில் இருந்தேன். அதாவது, மாற்று ஆட்கள் குந்தியிருக்கும் வாங்கில் இருந்தேன். ஒரேயொரு தடவை உள்ளே இறக்கினார்கள். இறங்கிய வேகத்தில் ஒரு பந்தைக் கூடைக்குள் போட்டேன். அது எங்கள் பக்கத்துக் கூடை. இந்தச் சிறு விவரத்தை மட்டும் விட்டுவிட்டு, மிகுதியை ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும் நேரங்களில் தேவாலய மண்டபத்தில் அவிழ்த்துவிடுவேன்.

அதைக் கவனமாகக் கேட்டவர் மரியதாஸ் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். ரயில்வேயில் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்தவர். (இது உண்மை. தெருவில் நடந்தாலும் பிளாற்போமில் நடப்பதுபோல்தான் நடப்பார்.) மொன்றியலில் பிளாஸ்ரிக் போத்தல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. நகரத்தின் லாசால் பகுதியில் அவருடைய வீட்டில், சோபாவுக்கும் சுவருக்கும் இடைப்பட்ட பிரதேசத்தில் நான் குடியிருந்தேன். அவரும் மனைவியும் மகள் றெஜினாவும் எனக்குச் சோறு போட்டார்கள். பதிலுக்கு நான் அவர்களுக்குக் கூடைப்பந்துக் கதை சொன்னேன்.

ஒருநாள் வேலையால் வந்ததும் ஐயா என்னை அருகில் இருத்தினார்.

"தம்பி, றெஜினாவுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கு. ரொக்ஸ்பரோவிலை இருக்கிற திருகோணமலை ஆக்கள். எங்கடை கத்தோலிக்க வேதம்தான். பெடியன் அன்ரன், கொலிஜிலை படிக்கிறான்."

"நல்ல விசயம்தானே ஐயா."

"தாய் சொல்லுது, பெடியன் காட்டாம்."

அவர் முகம் இருண்டிருந்ததன் காரணம் எனக்கு உடனே விளங்கியது. காட் என்பவர் ரயிலின் கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியோடு நிற்பவர். ஸ்ரேசன் மாஸ்ரர் மனம் வைத்தால்தான் அவருடைய ரயில் நகரும். அப்படிப்பட்ட ஒருவனுக்கு மகளைக் கொடுப்பதா?

"அது கூடைப்பந்துக் காட் ஐயா," என்றேன். "கட்டையான பெடியனுகள்தான் காட். பந்தைக் கொண்டுபோய் மத்தவனுக்குக் குடுக்கிறதுதான் வேலை."

"பேந்து இன்னொண்டும் சொன்னவ. கெதியிலை புரபெசனல் ஆகிடுவானாம்."

இதைச் சொல்லும்போது முகம் கொஞ்சம் தெளிந்தது. எங்கள் ஆட்களுக்குப் புரபெசனல் என்றால் டொக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன்ற். பந்து விளையாடிச் சம்பளம் எடுப்பவனுக்கும் அதுதான் பெயர் என்று நான் விளக்கியதும் என் தோளில் கையை வைத்தார்.

"அப்ப நீர்தான் வந்து பாத்துச் சொல்லவேணும். அவன் ஆகுவானோ, மாட்டானோ?"

"பாப்பம் ஐயா. மறுகா சொல்றன்," என்றேன். (எங்கள் ஊர் மறுகாவும் அவருடைய பேந்தும் ஒன்றுதான்: பிறகு.) அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று வீட்டில் கணவாய்க் கறி.

சனிக்கிழமை ஆட்டம். ஐயா தன்னுடைய கலியாணக் கோட்டும் ரையும் அணிந்து, கீழே பனிச் சப்பாத்து மாட்டியிருந்தார். நான் இரவல் கோட்டில் இருந்தேன். அதன் கை என் விரல் நுனிவரை வந்தது. ரயில்வேக்காரர் எதற்கும் முந்திப் போவார் என்பதால், ஆட்டம் தொடங்க வெகுநேரம் முன்பே கல்லூரி விளையாட்டு மண்டபத்து வாசலில் நின்றோம். அங்கே மேசை போட்டிருந்த மாணவனிடம் நான் ஆங்கிலத்தில், "காட்டைப் பார்க்க வந்தோம். அன்ரனை," என்றேன்.

"எங்கிருந்து வருகிறீர்கள்?"

லாசால் என்று சொல்லியிருந்தால் எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். "சிலோன்!" என்றார் ஐயா, நெஞ்சை நிமிர்த்தி.

மாணவன் உள்ளே ஓடினான். அடுத்த நிமிடம் அணியின் கோச் கையை நீட்டியபடி ஓடி வந்தார். அன்ரனின் ஆட்டத்தைப் பார்க்க வெளிநாட்டுத் தொழில்முறை அணி ஒன்றுக்கு வீரர் தேடும் 'ஸ்கவுட்' ஒருவர் வரக்கூடும் என்று யாரோ அவரிடம் சொல்லிவைத்திருந்தது எங்களுக்குப் பின்னர்தான் தெரியும். அந்த நேரத்தில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் முன்வரிசையில் இரண்டு கதிரை, கோப்பி, ஒரு பெட்டி டோனட்.

"சம்பந்தி பகுதி நல்ல உபசரிப்பு," என்றார் ஐயா என் காதுக்குள்.

கோச்சும் அருகில் அமர்ந்து, "என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்," என்றார். ஐயா கேட்டார். ஸ்ரேசன் மாஸ்ரர்மாருக்கு ஆங்கிலம் நன்றாக வரும். தந்தி அடிப்பதுபோல் வரும்.

"குடி?"

"பியரைக்கூடத் தொடமாட்டான்."

"புகை?"

"இல்லவே இல்லை."

"கோபம்?"

"நடுவர் பிழையாக ஊதினாலும் வாய் திறக்கமாட்டான்."

"பெண் சிநேகம்?"

"நித்திரையிலும் அவனுக்குப் பந்துதான்."

"தாய் தகப்பன்?"

"அருமையான குடும்பம். தாய் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வருவார்."

"நோய் நொடி?"

"போன வருடம் முழங்கால் சுளுக்கியது. இப்போது சுகம்."

"பார்க்கவேண்டும்," என்றார் ஐயா.

கோச் கொஞ்சமும் வியக்கவில்லை. மறுகரையில் நின்ற அன்ரனைக் கூப்பிட்டு, அங்கேயே நின்று துள்ளிக் காட்டச் சொன்னார். அன்ரன் துள்ளினான். காலை மடக்கச் சொன்னார். மடக்கினான். பெண் பார்க்கும்போது நடக்கச் சொல்வார்கள், பாடச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மாப்பிள்ளையைத் துள்ளச் சொல்லிப் பார்த்தது உலகத்திலேயே நாங்கள்தான்.

ஆட்டம் தொடங்கியது. நான் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, நிபுணர்கள் இருப்பார்கள் என்று நான் நினைத்த மாதிரி இருந்தேன்.

"எப்பிடித் தம்பி?"

"கால் ரெண்டும் நல்லா இரிக்கு ஐயா. இடக்கைதான் காணாது."

"ஏன், சின்னனிலை விழுந்தவனோ?"

"இல்ல ஐயா, பந்து தட்டக் காணாது. பழக்கம் போதாது."

அவர் முழுதாக நம்பவில்லை. அதன் பிறகு அன்ரனின் இடக்கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் இன்னொரு கவலையும் வந்துவிட்டது.

"எல்லாத்தையும் மற்றவனுக்கெல்லோ குடுக்கிறான். இளகின மனசு. இவன்ரை கையிலை ஒண்டும் நிக்காது."

"அதுதான் ஐயா காட்டின்ட வேலை."

"வேலை சரி. குடும்பம் எப்பிடி நடத்திறது?"

இடைவேளையில் அன்ரனின் அணி நன்றாக முன்னணியில் இருந்தது. கோச் பூரித்துப்போய் வந்து, குரலைத் தாழ்த்தி, "பிடித்திருக்கிறதென்றால், உங்கள் பக்கத்தில் என்ன கொடுப்பீர்கள்?" என்றார்.

நான் அதிர்ந்துபோனேன். பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்: கனடாவில் மாப்பிள்ளை வீட்டார் சீதனத்தை நேரடியாகக் கேட்க வெட்கப்பட்டுக் கோச் மூலம் கேட்கிறார்கள்போலும். ஐயாவோ இதற்கு ஆயத்தமாகவே வந்திருந்தார்.

"ரொக்கம் தர வசதியில்லை. ஒரு வீடு. கல்வீடு. கிணறு இருக்கிறது. பனங்காணியும் உண்டு."

"வீடா!" என்றார் கோச். "எங்கே?"

"ஜஃப்னா."

கோச் அந்தப் பெயரை வாய்க்குள் இரண்டுதரம் சொல்லிப் பார்த்தார். இத்தாலியில் ஒரு கடற்கரை நகரம் என்று எண்ணியிருக்கவேண்டும். உடனே எழுந்து வீரர்கள் இருந்த அறைக்கு ஓடினார்.

இரண்டாம் பாதியில் களத்துக்கு வந்தது வேறோர் அன்ரன். வெளிநாட்டில் கிணற்றோடு கூடிய வீடு தனக்காகக் காத்திருக்கிறது என்ற செய்தி அவனை அடியோடு மாற்றியிருந்தது. யாருக்கும் பந்தைக் கொடுக்கவில்லை. அரைக் களத்திலிருந்து எறிந்தான். முதுகுக்குப் பின்னால் தட்டி எறிந்தான். தன் அணிக்காரன் ஒருவனின் கையிலிருந்தே பந்தைப் பறித்து எறிந்தான். ஒவ்வோர் எறிதலுக்குப் பிறகும் எங்களைத் திரும்பிப் பார்த்தான். பந்து கூடையைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போனது. கோச் எழும்பி நின்று தொண்டை கிழியக் கத்தினார்.

ஐயாவின் முகம் மட்டும் மலர்ந்திருந்தது. "இப்பதான் பெடியன் தேறியிருக்கிறான். தன்ரை பொருளைத் தானே வைச்சிருக்கப் பழகீட்டான்."

ஆட்டம் படுதோல்வி. வியர்வை சொட்டச் சொட்ட அன்ரன் நேரே எங்களிடம் வந்து கைகொடுத்து, ஆங்கிலத்தில் கேட்டான்: "ஐயா, எந்த அணி?"

"தம்பி, நான் றெஜினாவின்ரை அப்பா," என்றார் ஐயா தமிழில்.

அன்ரன் கொடுத்த கையை எடுக்க மறந்து நின்றான். "எந்த றெஜினா?"

அப்போது மேல்வரிசையிலிருந்து ஒரு அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படி படியாக இறங்கி வந்தார். அவர்தான் தாய் பிலோமினா. "பிள்ளை, கொலிஜ் சோதினை முடிஞ்சதும் சொல்லுவம் எண்டுதான் இருந்தனான்…"

"அம்மா!" என்று அன்ரன் போட்ட சத்தத்தில், வெளியேறிக்கொண்டிருந்த கூட்டம் முழுவதும் திரும்பி வந்து அமர்ந்தது. ஆட்டத்தைவிட இது நன்றாக இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

தாயும் மகனும் மூன்று மொழிகளில் சண்டை பிடித்தார்கள். நான் டோனட் பெட்டியைக் கதிரைக்குக் கீழே தள்ளினேன். கோச் மட்டும் எதுவும் விளங்காமல் என் கோட்டின் நீண்ட கையைப் பிடித்து ஒரு பக்கம் இழுத்துப் போனார். "இவன் வேண்டாமென்றால் பரவாயில்லை. என்னிடம் ஒரு உயரமான பையன் இருக்கிறான். அவனுக்கு முழு வீடு தேவையில்லை. ஒரு அறை போதும்."

மெற்றோவில் ஐயா ரையைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்தார். லாசாலுக்கு பஸ் எடுக்க இறங்கியபோது என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்த உயர்ந்த பெடியன் கத்தோலிக்கனோ?"

வீட்டில் றெஜினா கதையைக் கேட்டுவிட்டு முதலில் தகப்பனிடம், "ஆரைக் கேட்டு வீடு குடுத்தனீங்கள்?" என்று கத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. நான் சோபாவுக்குப் பின்னால் ஒதுங்கி, போர்வையால் முகத்தை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, வாங்கிலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. விளையாட்டாகப் பேசிய பேச்சில் ஒரு பெண்ணின் மானத்தை ஒரு மண்டபம் நிறைந்த ஆட்களுக்கு முன்னால் ஏலம் விட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த ஞாயிறு கதவு தட்டப்பட்டது. அன்ரன். பாடமாக்கி வந்த தமிழ் வசனத்தை வாசலில் நின்றே ஒப்புவித்தான்: "என்னை மன்னிக்கவேணும். நான் கலியாணத்துக்கு ஆயத்தமில்லை."

"நானும் இல்லை," என்றாள் றெஜினா. "தேத்தண்ணி குடிக்கிறீரோ?"

அந்தத் தேத்தண்ணியைக் குடித்து முடிக்க அவனுக்கு ஐந்து வருடம் பிடித்தது. கலியாணத்தில் நான்தான் மாப்பிள்ளைத் தோழன். இதற்கிடையில் உண்மையான ஸ்கவுட் ஒருவர் ஏதோ ஒரு நாட்டு அணியிலிருந்து வந்து அன்ரனைப் பார்த்துவிட்டு, இடக்கை போதாது என்று சொல்லிவிட்டுப் போனாராம். என் ஆயுளில் நான் கூடைப்பந்து பற்றிச் சொன்ன ஒரே சரியான கருத்து அது. அதை யாரும் பாராட்டவில்லை.

அவர்களுக்கு இப்போது கர்க்லாண்டில் வீடு. பிள்ளைகள் என்னை 'ஸ்கவுட் மாமா' என்றுதான் கூப்பிடுவார்கள். என் சொந்தப் பெயர் அவர்களுக்குத் தெரியுமோ சந்தேகம். போன கோடையில் கடைசி மகனின் பிறந்தநாளுக்குப் போயிருந்தேன். அவனுடைய பள்ளிக்கூட நண்பன் ஒருவன், பிரெஞ்சு வாடை வீசும் தமிழ்ப் பெடியன், பந்தோடு என் முன்னால் வந்து நின்று, "முசியே, நீங்கள் வெளிநாட்டு ஸ்கவுட்டாம். என்னைப் பாருங்கோ," என்றான். இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அடுப்பை விட்டுவிட்டுக் கூடிவிட்டார்கள். றெஜினா வாயைப் பொத்திக்கொண்டாள். பெடியன் இரண்டு கையாலும் மாறி மாறி, அற்புதமாகப் பந்தைத் தட்டினான். நான் கையைக் கட்டிக்கொண்டு தலைமுதல் கால்வரை பார்த்தேன்.

"தம்பி எந்த ஊர்?"

"லவால்."

மொன்றியலுக்குப் பக்கத்து நகரம்தான். ஆனால் ஊர் கேட்டால் தெரு, குலம்வரை துருவும் யாழ்ப்பாணத்தாரோடு இவ்வளவு காலம் பழகியவன் அதோடு விடுவேனா?

"அது சரி. லவால்ல எந்தப் பக்கம்?"